புயலில் நின்றவன் பேசட்டும்!

 

சென்ற மாதம் கும்மிடிப்பூண்டி மளிகைக்கடை பாய் ஒருவர் தம் கடைப் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய கடன் நோட்டு ஒன்று அகப்பட்டது. அட்டை ஈரம்பட்டு உப்பி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த அந்த நோட்டை மஃக்ரிப் தொழுகைக்குப் பிறகு என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். "ஹஜ்ரத், வர்தா வாரத்து நோட்டு இது" என்றார். பிரித்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தின் நடுவில் இப்படி எழுதியிருந்தது: "13-12-16. ஷெட் பையன்கள் 11 பேர். பன் 22, மெழுகுவர்த்தி 4, பால் பவுடர் 2. பள்ளிவாசல் கணக்கு."

அந்த ஒரு வரி என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. ரபீஉல் அவ்வல் மாதம். முந்தின நாளே அறிவிப்பு வந்துவிட்டது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் பள்ளி கல்லூரிகளுக்கு விடுமுறை. புயலுக்கு வர்தா என்று பெயர். பாகிஸ்தான் கொடுத்த பெயர் அது. இந்தப் பக்கத்துக் கடல்களில் உருவாகும் புயல்களுக்குச் சுற்றியுள்ள நாடுகள் முறைவைத்துப் பெயர் கொடுக்கின்றன. அரபியில் அது ரோஜாப்பூ. பூவின் பெயரைச் சுமந்து வந்து ஆயிரக்கணக்கான மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது!

காலையிலேயே காற்று வடகிழக்கிலிருந்து அடித்தது. லுஹருக்குப் பாங்கு சொன்னபோது மின்சாரம் போய்விட்டது. முஅத்தின் வாயால்தான் சொன்னார், பள்ளியின் உள்ளே இருந்த எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. பிறகு காற்று கிழக்கே திரும்பியது. அஸருக்குத் தென்கிழக்கிலிருந்து அறைந்தது. வெளிப்பள்ளியின் தகரக் கூரை ஒவ்வொரு தகடாகக் கழன்று, யாரோ கையில் எடுத்து எறிவதுபோல் ஜி.என்.டி. சாலைப் பக்கம் பறந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். கிழக்கிலிருந்து மேற்கே நகரும் புயலின் வடபுறத்தில்தான் கடற்காற்று கரையை நோக்கி நேராக அடிக்கும். புயல் நகரும் வேகமும் அதோடு சேர்ந்துகொள்ளும். வர்தா சென்னையை ஒட்டிக் கரை கடந்தது. அதன் வடபுறத்தில் இருந்தது யார்? எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு, கும்மிடிப்பூண்டி. அதாவது நாம்! ஆனால் அந்த வாரத்துத் தொலைக்காட்சிகளில் நாம் பார்த்தது எதை? சென்னையின் மரங்களை, சென்னையின் கார்களை, சென்னை விமான நிலையத்தை. ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில் சிப்காட் கொட்டகைகளின் கீழ் கிடந்தவனை எந்த கேமரா பார்த்தது?

மாலை இருட்டும் நேரம் பள்ளிவாசல் கதவை இடித்தார்கள். திறந்தால் வடநாட்டுப் பிள்ளைகள். தொழிற்பேட்டையில் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை செய்தவர்கள். தங்கியிருந்த தகர ஷெட் பறந்துவிட்டது. ஒருவனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே கோணித் தொங்கியது. மதரஸாவில் படித்த உருதுவை வைத்துக்கொண்டு விசாரித்தேன். ஆலையின் கூரைத் தகடு ஆடியபோது, கயிறு போட்டுக் கட்டச் சொல்லி மேலே ஏற்றினார்களாம். அந்தக் காற்றில்! தகடு பிய்த்துக்கொண்டபோது அவனும் விழுந்தான். சாலை முழுக்க மரம். மின்சார ரயில் ஓடவில்லை. துண்டால் கையைக் கட்டி, மூங்கில் பட்டையை வைத்து, பஜ்ரு வரை அவனை உட்கார வைத்திருந்தோம். மறுநாள் மத்தியானம்தான் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப்போக முடிந்தது.

அந்தப் பிள்ளைகளுக்குத்தான் மளிகைக்கடை பாய் பன்னும் மெழுகுவர்த்தியும் கொடுத்தார். கடனாகத்தான் கொடுத்தார். வேறு வழி? நவம்பர் 8-ல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லை. இருந்த 2000 ரூபாய்க்குச் சில்லறை இல்லை. அட்டை தேய்க்கும் இயந்திரத்துக்கு மின்சாரம் இல்லை, தொலைபேசிக் கம்பி இல்லை. பணமே இல்லாத பொருளாதாரம் வரப்போகிறது என்று டெல்லியில் பேசிக்கொண்டிருந்த அதே வாரத்தில், நம் ஊர் மளிகைக்கடைகள் பென்சிலும் நோட்டுமாக ஊருக்கே சோறு போட்டன. எங்கள் பகுதிக்கு மின்சாரம் வர ஒன்பது நாள் ஆனது. வணிகப் பெருமக்களே, அந்த ஒன்பது நாளும் நீங்கள் செய்ததை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. நீங்களும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு என்ன நடந்தது? ஒப்பந்தக்காரர், "அப்படி ஒரு ஆளே என்னிடம் வேலை செய்யவில்லை, புயலுக்கு முன்பே எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள்" என்று சொல்லிவிட்டார். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லையாம். அப்போது நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தக்காரர் வழியாக வைத்த தொழிலாளிக்கு வேலையில் காயம்பட்டால் ஆலை முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம். இரண்டு வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். இதெல்லாம் எனக்குப் பின்னால் ஒரு வழக்கறிஞர் சகோதரர் சொல்லித்தான் தெரியும். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அன்று அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?"

பள்ளிவாசல் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அரிசி எத்தனை மூட்டை, யார் நன்கொடை, டீசல் எவ்வளவு, பாய் எத்தனை வாங்கினோம், எல்லாம் பைசா சுத்தமாக இருந்தது. அமானிதம் அல்லவா! ஆனால் வந்து தங்கியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. சரி, புகைப்படம்? அது நிறைய இருந்தது. இளைஞர்கள் எடுத்த படங்கள். பதாகைக்கு முன்னால் நிர்வாகிகள் வரிசையாக நிற்கிறோம், பொட்டலத்தை நீட்டுகிறோம், நானும் சிரித்தபடி நிற்கிறேன். வாங்குகிறவரின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. பறந்துபோன ஷெட்டின் படம் ஒன்று இல்லை. தொங்கிய கையின் படம் இல்லை. கேமரா நம் கையில்தான் இருந்தது, சகோதரர்களே. அதை நம்மை நோக்கியே திருப்பி வைத்திருந்தோம். முகஸ்துதியைப் பற்றி எத்தனை ஜும்ஆ மேடைகளில் பேசியிருக்கிறேன்!

அந்தப் பிள்ளை ஒரு மாதத்துக்குப் பிறகு கட்டுப் போட்ட கையோடு ஊருக்கு ரயில் ஏறினான். வழக்கு நடக்கவே இல்லை. இப்போது, இத்தனை வருடம் கழித்து, ஈரத்தில் ஊறிய ஒரு மளிகை நோட்டு வந்து சொல்கிறது: 13-12-16, ஷெட் பையன்கள், 11 பேர். ஆதாரம் இருந்திருக்கிறது! பள்ளிவாசலுக்கு எதிர் வரிசையில், பரணில் கிடந்திருக்கிறது. கடனை எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர் எழுதி வைத்தது. குர்ஆனிலேயே நீளமான வசனம், சூரா பகராவின் 282-ஆவது வசனம், எதைப் பற்றியது? கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியும், அதற்குச் சாட்சி வைப்பது பற்றியும்தான். வருடந்தோறும் ரமலானில் ஓதுகிறேன். மளிகைக்கடைக்காரர் அதன்படி நடந்தார். ஓதிக்கொடுக்கும் நான் நடக்கவில்லை.

அண்மையில் என் மருமகன், கல்லூரியில் படிக்கிறவன், ஒரு ஆவணப்படத்தைக் காட்டினான். ஹஜ்ரத் படம் பார்க்கச் சொல்கிறாரா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பாட்டு வரும் இடங்களை விட்டுவிடுங்கள், மற்றதைக் கேளுங்கள். 2005 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் தென்கரையைக் கத்ரீனா என்ற சூறாவளி தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைக் காத்து நின்ற கரைகள் உடைந்து நகரின் பெரும்பகுதி மூழ்கியது. ஊரைவிட்டு வெளியேறுங்கள் என்று அரசு உத்தரவிட்டது. கார் வைத்திருந்தவர்கள் வெளியேறினார்கள். கார் இல்லாத கறுப்பின ஏழைகள்? இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கிம்பர்லி ராபர்ட்ஸ் என்ற இளம்பெண். புயலுக்குச் சில நாட்களுக்கு முன் தெருவில் 20 டாலருக்கு ஒரு வீடியோ கேமராவை வாங்கியிருந்தார். படம் எடுக்கப் படித்தவர் அல்லர். தெருவில் நிற்கும் அண்டை வீட்டாரைப் படம் பிடித்தார். தண்ணீர் ஏற ஏறப் பரண்மேல் ஏறிக்கொண்டு, அங்கிருந்தும் பிடித்தார். கை நடுங்குகிறது, படம் ஆடுகிறது, மூச்சுச் சத்தம் கேட்கிறது. உதவி கேட்டு அவசர எண்ணுக்குப் பேசியவர்களிடம், இப்போது மீட்க யாரும் வர முடியாது என்று சொன்ன குரல்களும் அந்தப் படத்தில் வருகின்றன.

அவர் எடுத்த காட்சிகளை வைத்து இரண்டு படப்பிடிப்பாளர்கள் உருவாக்கிய படம்தான் 'ட்ரபுள் த வாட்டர்'. 2008-ல் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் ஆவணப்படத்துக்கான நடுவர் குழுவின் முதற்பரிசைப் பெற்றது. ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அந்த நாட்களில் பெரிய தொலைக்காட்சிகள் எதைத் திரும்பத் திரும்பக் காட்டின? கறுப்பர்கள் கடையை உடைக்கிறார்கள் என்பதை! தெருவுக்குள் மாட்டிக்கொண்டவர் எடுத்த படமோ, அதே மக்கள் ஒருவரையொருவர் தோளில் சுமந்து கரை சேர்த்ததைக் காட்டியது. சமுதாயமே, ஒரு தெருவைப் பற்றி வெளியில் இருப்பவன் சொல்லும் செய்திக்கும், அந்தத் தெருவில் நின்றவன் சொல்லும் செய்திக்கும் என்ன வித்தியாசம் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம்மைப் பற்றி எழுதப்பட்ட செய்திகளைப் படித்துப் படித்து நீ அறிந்ததுதான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் மாவட்ட எல்லையிலேயே நடந்ததைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திராவின் பாபட்லா அருகே கரை கடந்தது. ஆனால் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் மூழ்கியது சென்னையும் திருவள்ளூரும். அந்த வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. கரிபூசிய படகுகள், கரிபூசிய வலைகள், எண்ணெயில் நனைந்த பறவைகள் என்று அந்தக் காட்சிகள் எங்கும் பரவின. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணமும் அறிவிக்கப்பட்டது. போதுமானதா இல்லையா என்பது வேறு விவாதம். எண்ணெயே வரவில்லை என்று யாராலும் சொல்ல முடியாமல் போனதல்லவா?

அதே மிக்ஜாமுக்கு அரசு 6,000 ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம். நியாயவிலைக் கடை வழியாக, குடும்ப அட்டையை வைத்துக் கொடுத்தது. நம் தொழிற்பேட்டைகளில் பீகாரிலிருந்தும், வங்காளத்திலிருந்தும், அஸ்ஸாமிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் வந்து தகர ஷெட்டில் கிடப்பவனிடம் இந்த ஊர்க் குடும்ப அட்டை ஏது? புயல் அட்டையைப் பார்த்தா அடிக்கிறது? அட்டை இல்லாதவனுக்கு வாயால் சொல்லும் சாட்சியம் ஒன்றுதான் மிச்சம். அதையும் எடுத்துவைக்க ஆள் இல்லையென்றால் அவன் இங்கே இருக்கவே இல்லை என்று ஆகிவிடும். என் கண்ணெதிரே ஒருவனுக்கு அப்படித்தான் ஆனது.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேலையைத்தான் கேட்கிறேன். உங்கள் சட்டைப்பையில் இருப்பது கிம்பர்லியின் 20 டாலர் கேமராவைவிட எத்தனையோ மடங்கு மேலானது. அடுத்த புயலுக்காகக் காத்திருக்க வேண்டாம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் கடல் ரயிலையே அள்ளிக்கொண்டு போனது. அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரை கடந்த புயலின்போது பழவேற்காட்டில் இருபது வயதில் இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டியவர். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாம் ஜனாஸாவில் நின்று மூன்று பிடி மண் போட்டுவிட்டு வருகிறோம். அந்த மண்ணோடு என்னென்ன போகிறது! அரபு எழுத்தில் தமிழ் எழுதிப் பாதுகாத்த முன்னோர்களின் ஊர் பழவேற்காடு. அந்த ஊரிலேயே கடல் ஏறிய ராத்திரியைப் பற்றிக் கேட்டு எழுத நமக்கு ஆள் இல்லையா?

எப்படிக் கேட்பது என்று யாரும் நமக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டாம். ஹதீஸ் கலையைப் படித்த மாணவர்கள் என்ற முறையில், 'ஸமிஃத்து', நான் கேட்டேன் என்று சொல்கிறவருக்கும், 'அன்', அவரிடமிருந்து என்று மட்டும் சொல்கிறவருக்கும் உள்ள வித்தியாசத்தை நாங்கள் பல மாதம் படித்தோம். நேரில் பார்த்தவர் யார், அன்று அவர் எங்கே இருந்தார், அவருக்கு அப்போது என்ன வயது, அவர் நினைவு பலமானதா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டுத்தான் நம் இமாம்கள் ஒரு செய்தியை ஏற்றார்கள். அதே துருவலைப் புயலுக்கும் செய்யுங்கள். பேசுபவரின் பெயர், ஊர், தேதி முதலில் வரட்டும். அவர் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பத்து வீடு இடிந்ததை நூறு என்று சொன்னால் மெதுவாகத் திரும்பக் கேளுங்கள்; ஏற்றிச் சொல்வதால் வரும் அனுதாபம் நமக்கு வேண்டாம், ஒரு பொய் பிடிபட்டால் ஒன்பது உண்மையும் அதோடு தள்ளுபடியாகும். இடையில் நீங்கள் பேசாதீர்கள். மூன்று வருடத்துக்கு முன் வந்த வெள்ளப்படத்தை நேற்று எடுத்தது என்று வாட்ஸ்அப்பில் தள்ளிவிடும் தம்பிகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

பெண்களிடம் கேளுங்கள். மகளோ, பேத்தியோ, மருமகளோ உட்கார்ந்து கேட்கட்டும். முகம் வேண்டாம் என்றால் குரல் போதும், எழுத்து போதும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக நமக்கு வந்த ஹதீஸ்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். வர்தாவின்போது ஒன்பது நாள் மோட்டார் ஓடாத வீட்டில் தண்ணீரை எங்கிருந்து கொண்டுவந்தார்கள், கைக்குழந்தைக்குப் பால் எப்படிக் காய்ச்சினார்கள் என்பதை எந்த ஆண்மகனால் சரியாகச் சொல்ல முடியும்? எங்கள் வீட்டிலேயே கேட்டுப் பார்த்தேன். "அன்று நீங்கள் பள்ளிவாசலில் அல்லவா இருந்தீர்கள், இப்போதாவது கேட்டீர்களே" என்று பதில் வந்தது!

கூடவே நம் ஊரின் மற்றவர்களையும் விட்டுவிடாதீர்கள். கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கும் ஈழத்துச் சொந்தங்கள் போருக்கும் தப்பி, புயலுக்கும் தப்பியவர்கள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீனவச் சகோதரர்கள் இருக்கிறார்கள். புயல் மஹல்லா எல்லை பார்த்து நின்றதில்லை.

வணிகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெள்ளம் வடிந்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை கடையைப் பெருக்கிக் கழுவுவது. சுத்தம் ஈமானில் உள்ளதுதான். ஆனால் கழுவிய பிறகு எடுத்த படம் சுத்தமான கடையின் படம்! முதலில் ஷட்டரைத் திறந்த நிலையில், தண்ணீர் நின்ற கோடு சுவரில் தெரிய, நனைந்த மூட்டைகள் கிடந்தது கிடந்தபடி படம் எடுங்கள். சரக்குக் கணக்கையும் பில்களையும் தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். ஒரு நகலை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். காப்பீடு கூடுமா கூடாதா என்ற சர்ச்சைக்குள் இங்கே நான் போகவில்லை. வங்கியின் நிபந்தனைக்காகவோ வேறு காரணத்துக்காகவோ எடுத்து வைத்திருப்பவர்கள் பத்திரத்தைப் பிரித்து, புயலும் வெள்ளமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தவணை குறையும் என்று அந்தப் பகுதியை நீக்கிக் கொடுப்பதும் உண்டு. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் எல்லாம் முடிந்த பிறகுதான் அதைப் படித்தார்.

எங்கள் பள்ளிவாசலில் 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். வரும் ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு ஞாயிறும் அஸருக்குப் பிறகு ஒருவர் வந்து பேசுவார், இரண்டு இளைஞர்கள் எழுதுவார்கள், ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்வார். இனி புயல் நேரத்தில் பள்ளியில் தங்க வருகிறவர்களுக்குச் சோறு போடுவதற்கு முன் பெயரும், ஊரும், வேலை செய்யும் இடமும் அவர்கள் சொன்னபடியே எழுதப்படும். அடையாள அட்டை கேட்க மாட்டோம். எழுதிய பக்கத்தை அவர்கள் அனுமதி இல்லாமல் யாரிடமும் காட்டவும் மாட்டோம். உங்கள் மஹல்லாவிலும் இன்ஷா அல்லாஹ் ஒரு நோட்டு வாங்குங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தை நானே எழுதத் தொடங்கினேன். 12-12-2016 என்று தேதி போட்டேன். பதினோரு பேர் என்று எழுதினேன். வலது கை முறிந்தவனின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஓர் இரவு முழுக்க அவன் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. பெயர் நினைவில் இல்லை. பீகாரின் கிஷன்கஞ்ச் பக்கம் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அப்போது இருபது வயதுக்குள் இருக்கும். இடது புருவத்தின் மேல் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. அந்த ஷெட்டில் தங்கியிருந்தவர்களோ, அவர்களோடு வேலை செய்தவர்களோ யாராவது இதைப் படித்தால், அல்லது படிக்கத் தெரிந்த ஒருவர் அவர்களுக்குப் படித்துக் காட்டினால், இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த இடத்தை வெற்றாகவே விட்டு வைத்திருக்கிறேன்.